காசு குடுத்து வாங்குன டீவியில யாரோட விளம்பரம்? பில்லுல இருக்குற திகதிய பாருங்க டீச்சர்

பொகவந்தலாவை பக்கத்துல ஒரு தோட்டப் பாடசாலையில படிப்பிக்கிற டீச்சர் ஒருத்தர் நாலு பக்கத்துக்கு கடிதம் எழுதி, கூடவே ஃபோன்ல எடுத்த சின்ன வீடியோ ஒண்ணும் அனுப்பியிருக்காங்க. பேர், தோட்டம், கடை, டீவி கம்பனி எதையும் நான் இங்க போடல.

விஷயம் இது தான். அவங்க கணவர் தேயிலை ஃபெக்டரியில வேல செய்றாரு. அவருக்கு கிடைச்ச தீபாவளி அட்வான்ஸ முதல் கட்டணமா கட்டி ஹட்டன் டவுன்ல ஒரு ஷோரூம்ல 43 இஞ்ச் ஸ்மார்ட் டீவி எடுத்திருக்காங்க, விலை 124,900 ரூபா, மிச்சம் மாசத் தவணை. மொத ஆறு கிழம ஒரு பிரச்சினையும் இல்ல. நவம்பர் கடைசியில ஒரு ராத்திரி டீவி தானா அப்டேட் ஆகி, அதுக்குப் பொறவு போட்ட உடனே திரையில மேல் பாதி முழுக்க விளம்பரம் ஓடுது. கொஞ்ச நேரம் சும்மா விட்டா ஸ்க்ரீன் சேவர்ல விளம்பரம். ஒரு நாள் பதினொரு வயசு மகன் தனிய இருக்கும்போது பியர் விளம்பரம் வந்திருக்கு. வீட்டு ரௌட்டர்ல போடுற மாச டேட்டா இருபதாம் திகதிக்கே முடிஞ்சு போகுது. கடையில போய் கேட்டா "அது கம்பனி செய்றது மிஸ், எங்களால ஒண்ணும் செய்ய ஏலாது, விற்ற பொருள திருப்பி எடுக்கவும் மாட்டோம்"னு சொல்லிட்டாங்களாம். இனி தவணை கட்டாம விடலாமா, டவுன்ல ஒரு தம்பி சொஃப்ட்வெயார மாத்தித் தாறேன்னு சொல்றான் அவன்கிட்ட குடுக்கலாமா, முதல் நாள் "ஓகே" அமத்தினது நான் தானே அப்ப எனக்கு உரிமையே இல்லையா, நாங்க வீட்டுல பேசுறத டீவி கேக்குதா, இதெல்லாம் தான் அவங்க கேள்வி.

டீச்சர், உங்க கடிதத்துல எனக்கு முக்கியமா பட்டது நீங்க ஓரத்துல சின்னதா எழுதி வச்ச ஒரு வரி, "பில் திகதி ஒக்டோபர் 14"ன்னு. உங்க கடிதம் என் கைக்கு வந்தது ஜனவரி 2. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஒரு பொருள் விற்பனைய பத்தி முறைப்பாடு செய்றதுன்னா வித்த நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், 2003ம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்துல 13ஆம் பிரிவுல அப்பிடித்தான் இருக்கு. கவனிங்க, விளம்பரம் வரத் தொடங்கின நாள்ல இருந்து இல்ல, வித்த நாள்ல இருந்து. அதனால ஜனவரி 13க்குள்ள உங்க முறைப்பாடு அவங்க கையில இருக்கணும், அதனால தான் வரிசையில முன்னுக்கு இருந்த கடிதங்கள தள்ளி வச்சிட்டு உங்களுக்கு மொதல்ல தனியா பதில் அனுப்பினேன், இங்க போடுறது மத்தவங்களுக்கும் உதவட்டும்னு தான். எவ்வளவோ பேர் "கடைக்காரன் பார்த்து செய்றேன்னு சொன்னான்"னு நம்பி நாலாவது மாசம் என்கிட்ட வாறாங்க, அப்ப நல்ல வழி ஒண்ணு மூடிப் போயிருக்கும்.

உங்க வீடியோவ பத்தியும் சொல்லணும். நாப்பது செக்கன் தான், நான் அத திரும்பத் திரும்ப பார்த்தேன். தகரத்துல மழை விழுற சத்தம், உங்க மாமி சால்வைய போத்திக்கிட்டு கதிரை நுனியில உக்காந்து ரிமோட்ட ரெண்டு கையாலயும் புடிச்சிருக்காங்க. டீவி வருது, விளம்பரம் ஓடுது, அவங்க ஓகே அமத்துறாங்க, விளம்பரம் தான் பெருசா திறக்குது. பின்னுக்கு வாறாங்க, திரும்ப ஓகே, திரும்ப அதே விளம்பரம். ஏன்னு பார்த்தா டீவி போட்ட உடனே அந்தத் தெரிவுக் கட்டம் போய் நிக்கிறதே விளம்பரத்து மேல தான். கீழ் அம்ப மூணு தடவ அமத்தினா தான் மாமிக்கு வேணுங்கிற சேனலுக்கு போக முடியுது. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத ஒரு வயசான மனுஷிக்கு அவங்க வீட்டுச் சாமானே இப்பிடி வழி மறிச்சு நிக்கிறது எனக்கு உண்மையாவே கோபம் வந்துச்சு. இந்த வீடியோ தான் உங்க பெரிய சாட்சி, அழிச்சிடாதீங்க, மகளோட ஃபோனுக்கும் ஒரு கொப்பி அனுப்பி வைங்க.

ஓகே அமத்தினதால உரிம போயிருச்சா?

இல்ல. நீங்க காசு கட்டி, பெட்டிய வேன்ல ஏத்தி, வீட்டுக்கு கொண்டாந்து, செவத்துல மாட்டினதுக்குப் பொறவு தான் அந்த நிபந்தனை எல்லாம் திரையில வந்திருக்கு, அதுவும் இங்கிலீஷ்ல, பக்கம் பக்கமா. கடையில பேரம் முடியும்போது அதுல ஒரு வரியும் உங்களுக்கு யாரும் காட்டல. விற்பனை ஒப்பந்தம் கடையிலயே முடிஞ்சு போச்சு, பின்னால வந்த திரைய வச்சு அத மாத்த ஏலாதுன்னு நான் உங்க பக்கம் நின்னு வாதாடுவேன். ஆனா உங்கள ஏமாத்தவும் மாட்டேன், கம்பனிக்காரன் சட்டத்தரணிக்கும் பேச வாய் இருக்கு, "அப்டேட்டுக்கு சம்மதிச்சது அவங்க தான்"னு சொல்லுவாரு. அதனால வழக்க அந்த ஓகேயில தொங்க விடாதீங்க. வேற ரெண்டு புள்ளியில நில்லுங்க.

ஒண்ணு, 13ஆம் பிரிவு பொருளுக்கு வெளிப்படையா குடுத்த உத்தரவாதத்த மட்டும் சொல்லல, சொல்லாமலே அடங்கியிருக்குற உத்தரவாதத்தையும் சேர்த்து தான் சொல்லுது. டீவின்னு ஒண்ண வாங்குற யாரும், போட்டா உடனே பார்க்கலாம்னு தான் நினைப்பாங்க. நீங்க எழுதியிருக்கீங்களே, விற்ற பொடியன் "ஒரு கரச்சலும் இல்ல மிஸ், நெட்ட குடுத்தா சரி"ன்னு சொன்னதா, அத அப்பிடியே முறைப்பாட்டுல எழுதுங்க, யார் கூட இருந்தாங்கன்னும் எழுதுங்க. 1896ம் ஆண்டு பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் இருக்கு, நானுஓயாவுக்கு ரயில் வந்து பதினோரு வருஷத்துல வந்த சட்டம், வாங்குறவர் என்ன தேவைக்கு வாங்குறாருன்னு வியாபாரிக்கு தெரிஞ்சு அவரோட சொல்ல நம்பி வாங்கினா பொருள் அந்தத் தேவைக்கு பொருந்தணும்ங்கிறது அதுல இன்னைக்கும் உயிரோட இருக்கு.

ரெண்டாவது, அதே 2003 சட்டத்துல 30ஆம் பிரிவு. நுகர்வோர பிழையா நினைக்க வைக்கிற மாதிரி வியாபாரி நடக்கக் கூடாது. டீவி வாங்கும்போது, பின்னால முன்பக்கம் பூரா விளம்பரம் வரலாம்னு ஒரு வார்த்தை சொல்லல, பெட்டியிலயும் இல்ல. பெட்டிய இன்னும் வீசலன்னா நாலு பக்கமும் ஃபோட்டோ எடுங்க. மாமி வீடியோவையும் இந்தப் பிரிவோட சேர்த்து வைங்க.

கடையில ஒட்டியிருக்குற "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது" போர்ட பார்த்து பயப்படாதீங்க. சும்மா மனசு மாறி திருப்பிக் குடுக்கிறதுக்கு நம்ம நாட்டு சட்டத்துல இடமில்ல தான், அது வரைக்கும் போர்டு சரி. ஆனா சொன்ன மாதிரி இல்லாத பொருள பத்தி நீங்க அதிகார சபைக்கு போறத ஒரு போர்டால தடுக்க ஏலாது. விசாரிச்சு பார்த்து நட்டஈடு குடுக்கவோ, பொருள மாத்திக் குடுக்கவோ, காச திருப்பிக் குடுக்கவோ உத்தரவு போட சபைக்கு அதிகாரம் இருக்கு.

தவணைய நிப்பாட்டாதீங்க

இந்த ஒரு விஷயத்துல உங்க கணவர் சொல்றத கேக்காதீங்க, அவரோட ஆத்திரம் எனக்கு விளங்குது. தவணைப் பத்திரத்த எடுத்து வாசிச்சுப் பாருங்க, ஹயர் பர்ச்சேஸ் முறைன்னு இருந்தா கடைசி தவணை கட்டி முடியும் வரைக்கும் பொருள் சட்டப்படி அவங்களோடது. நீங்க நிப்பாட்டினா முறைப்பாட்டுக்காரர் நீங்க இல்ல, அவங்க ஆகிடுவாங்க. வட்டி ஏறும், டீவிய தூக்க வருவாங்க, கடன் குடுத்தது ஃபினான்ஸ் கம்பனியா இருந்தா கிரிப்ல, அதாவது கடன் தகவல் பணியகத்துல, பேர் பதிவாகும். நாளைக்கு வீட்டு லோனுக்கோ மகளோட படிப்புக்கோ பேங்க் வாசல்ல நிக்கும்போது அது முன்னுக்கு வந்து நிக்கும். தவணைய கட்டுங்க, ஒவ்வொரு ரிசீட்டுலயும் பின்பக்கம் "முறைப்பாட்டு உரிமைக்கு பங்கமில்லாமல் செலுத்துகிறேன்"னு எழுதி கையெழுத்து வச்சு ஃபோட்டோ எடுத்துக்கோங்க, அது பெரிய கவசம் இல்ல, ஆனா நீங்க இத ஏத்துக்கிட்டு கட்டலைன்னு காட்டும்.

டவுன் தம்பிகிட்ட சொஃப்ட்வெயார் மாத்தக் குடுக்கிறதும் வேணாம். மாத்தின பொறவு வொரண்டி கேட்டு போனா "சீல் உடைச்சு கை வச்சிருக்கீங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிப்பாங்க, அதோட உங்க முறைப்பாட்டுக்கு அடிப்படையான டீவியே மாறிப் போயிருக்கும். டீவிய ரீசெட் பண்ணினா சரியாகிடும்னு நீங்க நினைச்சதும் சரியில்ல, நெட்டோட சேர்ந்த உடனே அதே அப்டேட் திரும்ப வரும், ஆனா அப்டேட் திகதி காட்டுற பக்கம் அழிஞ்சிடலாம். மொதல்ல அந்தப் பக்கத்த ஃபோட்டோ எடுங்க, பொறவு தான் எதையும் தொடணும்.

டீவி நம்ம பேச்ச கேக்குதா?

புடவைய பத்தி மாமிகிட்ட பேசின பின்னேரமே டீவியில புடவை விளம்பரம் வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அந்த பயம் பொய்யில்ல, ஆனா காரணம் பெரும்பாலும் வேற. உங்க ஃபோன்ல இருக்குற அதே கூகுள் எகவுண்ட் தான் டீவியிலயும், ரெண்டும் ஒரே ரௌட்டர்ல. நீங்களோ மகளோ ஃபோன்ல புடவை தேடியிருந்தா அது போதும், மைக்கே தேவையில்ல. ரிமோட்டுல மைக் பட்டன் இருந்தா வழமையா அத அமத்தும்போது தான் குரல் போகும், "ஹேய்"னு கூப்பிட்டா பதில் சொல்ற வசதி டீவியிலயே இருந்தா அத செட்டிங்ஸ்ல மூடி வைங்க.

நீங்க பயப்பட வேண்டியது காதுக்கு இல்ல, கண்ணுக்கு. திரையில என்ன ஓடுதுன்னு டீவியே துண்டு துண்டா அடையாளம் எடுத்து கம்பனிக்கு அனுப்புற ஒரு முறை இருக்கு, ஏசிஆர்னு சொல்லுவாங்க. 2017ல அமெரிக்காவுல விசியோங்கிற டீவி கம்பனி 1 கோடி 10 லட்சம் டீவியில சரியா சம்மதம் வாங்காம இத செஞ்சதுக்கு 22 லட்சம் டொலர் கட்டி வழக்க முடிச்சிச்சு. 2024ல ஐரோப்பா, அமெரிக்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரெண்டு பெரிய கம்பனி டீவிய சோதிச்சு பார்த்ததுல, எச்டிஎம்ஐ வயர்ல வேற பெட்டிய குத்தி பார்த்தா கூட டீவி அடையாளம் அனுப்பினத கண்டாங்க. அதனால "நாங்க டிஷ் பெட்டியில தான் பார்க்குறோம், எங்கள பத்தி அதுக்கு என்ன தெரியும்"னு நினைக்க வேணாம், டீவி நெட்டுல இருக்கும் வரைக்கும் தெரியும். நல்ல செய்தி என்னன்னா செட்டிங்ஸ்ல அத நிப்பாட்டின பொறவு அந்த அனுப்புறது நின்னதையும் அதே ஆய்வு காட்டிச்சு.

சட்டத்துல இதுக்கு என்ன இருக்குன்னா, 2022ம் ஆண்டு 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். குடுத்த சம்மதத்த திரும்ப எடுக்குற உரிமை அதுல எழுதியிருக்கு. ஆனா அந்த சட்டத்தோட முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சுல அமுலாகுறதா இருந்து அத ஒத்தி வச்சாங்க, அதனால இன்னைக்கு உங்க கேஸ நான் அது மேல கட்ட மாட்டேன். கம்பனிக்கு எழுதுற கடிதத்துல மட்டும் ஒரு வரி போடுங்க, "என் வீட்டு பார்வைத் தரவை சேகரிக்க கொடுத்த சம்மதத்தை மீளப் பெறுகிறேன்"னு.

இன்னைக்கு ராத்திரியே செய்யக் கூடியது

ஃபோட்டோ வீடியோ எல்லாம் எடுத்து முடிஞ்ச பொறவு தான் இது. எல்லா டீவியிலயும் மெனு ஒரே மாதிரி இருக்காது, பேர பார்த்து தேடுங்க. கூகுள் டீவியா இருந்தா உங்க எகவுண்ட் பக்கத்துல "எப்ஸ் ஒன்லி மோட்"னு ஒண்ணு இருக்கும், அத போட்டா சிபாரிசு வரிசை எல்லாம் போய் எப்ஸ் மட்டும் மிஞ்சும், மேல் விளம்பரம் முழுசா போகாட்டியும் வீடு கொஞ்சம் அமைதியாகும். சாம்சங்ல டேர்ம்ஸ் அன்ட் பிரைவசிக்குள்ள "வியூவிங் இன்ஃபர்மேஷன் சேர்விசஸ்", அதுக்கு கிட்டவே விளம்பரத்துக்கான சம்மதம், ரெண்டையும் எடுத்து விடுங்க. எல்ஜியில "லைவ் பிளஸ்", அதோட "ஹோம் ப்ரோமோஷன்". இந்த சம்மதத்த எடுத்தா டீவியே வேல செய்யாதுன்னு நினைச்சு தான் எல்லாத்துக்கும் ஓகே குடுத்தேன்னு எழுதியிருக்கீங்க, அது அப்பிடி இல்ல, சேனல் பார்க்க இந்த ரெண்டு மூணு சம்மதமும் தேவையில்ல. "பேர்சனலைஸ்ட் எட்ஸ்" மூடினா விளம்பரமே வராதுன்னும் நினைக்காதீங்க, உங்கள பார்த்து தெரிவு செஞ்ச விளம்பரம் தான் வராது, பொதுவா வாறது வரும்.

யூடியூப்ல நடுவுல வாற விளம்பரத்த இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. அது யூடியூப்காரங்களோடது, டீவி கம்பனியோடது இல்ல, முறைப்பாட்டுல ரெண்டையும் கலந்தீங்கன்னா எதிர்ப்பக்கம் அந்த ஒரு பிழைய புடிச்சு முழுக்கடிதத்தையும் தள்ளிடும்.

டேட்டா விஷயமும் அப்பிடித்தான். வீடியோ விளம்பரம் உங்க டேட்டாவ தின்னுது, அது உண்மை, நீங்க காசு குடுத்து வாங்குன டேட்டாவுல அவங்க விளம்பரம் ஓடுறத முறைப்பாட்டுல கட்டாயம் எழுதணும். ஆனா இருபதாம் திகதிக்கே முடியிறதுக்கு முழுக்காரணம் அது இல்ல. பெரிய திரையில யூடியூப் தானா உயர்ந்த தரத்துக்கு ஏறும், மணித்தியாலத்துக்கு ஒண்ணரை ஜிபிக்கு மேல கூட போகும். பிள்ளைங்க பாடம் பார்க்கும்போது 480க்கு எறக்கி வைங்க, கரும்பலகை எழுத்து தெரியும்.

இதெல்லாம் சரி வராட்டி, டீவிக்கு நெட்டையே வெட்டுங்க. வைஃபை பாஸ்வேர்ட மறக்கச் சொல்லிட்டு டிஷ் பெட்டிய மட்டும் குத்தி பாருங்க, வொரண்டிக்கு ஒண்ணும் ஆகாது. பாடத்துக்கு மட்டும் ஃபோன்ல இருந்து ஹொட்ஸ்பொட் குடுத்து, முடிஞ்ச உடனே எடுக்கலாம். மாமிக்கு வேணுங்கிறது சேனல் தானே, நெட் இல்லாம போட்டா அவங்களுக்கு நிம்மதி.

பியர் விளம்பரத்த சும்மா விடாதீங்க. மதுபான விளம்பரம் நம்ம நாட்டுல 2006ம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டத்தால தடை. திரும்ப வந்தா ஃபோட்டோ எடுங்க, பேர் தெரியிற மாதிரி, நேரத்தோட. புகையிலை மதுசாரம் பத்தின தேசிய அதிகார சபைக்கு தனிக் கடிதம், நுகர்வோர் முறைப்பாட்டோட சேர்க்காம. உங்க மகன் பார்த்தத அதுல எழுதுங்க, வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

முறைப்பாடு எப்பிடி எழுதுறது?

தமிழ்லயே எழுதுங்க. அரச நிறுவனத்துக்கு தமிழ்ல எழுதி தமிழ்ல பதில் வாங்குறது அரசியலமைப்புல இருக்குற உரிமை, யாராவது "சிங்களத்துல கொண்டாங்க"ன்னு சொன்னா அத மரியாதையா ஞாபகப்படுத்துங்க. ரெண்டு பக்கத்துக்கு மேல வேணாம். வாங்குன திகதி, விலை, மொடல் நம்பர், விற்றவர் சொன்னது, அப்டேட் வந்த நாள், அதுக்கு முன்ன எப்பிடி பின்ன எப்பிடி, கடையில போய் சொன்ன நாளும் அவங்க பதிலும், கடைசியா உங்களுக்கு என்ன வேணும். இந்த கடைசி வரிய நிறைய பேர் எழுதுறதே இல்ல. நான் உங்க இடத்துல இருந்தா இப்பிடி கேப்பேன்: முன்பக்க விளம்பரத்த முழுசா நிப்பாட்டித் தரணும், அது ஏலாதுன்னா அந்த விளம்பரம் வராத வேற டீவி மாத்தித் தரணும், அதுவும் ஏலாதுன்னா காசு.

கடைக்கு ஒரு கொப்பி, இறக்குமதி செஞ்ச கம்பனிக்கு ஒரு கொப்பி, சபைக்கு மூலப் பிரதி, மூணும் பதிவுத் தபால்ல. தபால்ல போய் சேர நாள் பிடிக்கும், அதனால சபைக்குள்ளத நுவரெலியா கச்சேரிக்கு (மாவட்ட செயலகத்துக்கு) நேர்ல கொண்டு போய் அங்க இருக்குற அதிகார சபை உத்தியோகத்தர்கிட்ட குடுத்து, உங்க கொப்பியில சீல் அடிச்சு திகதி போட்டு வாங்குறது இன்னும் நல்லது. போக முன்ன சபையோட 1977 நம்பருக்கு கோல் எடுத்து யார் எந்த நாள் இருப்பாங்கன்னு கேளுங்க, பஸ்ஸுல ரெண்டு மூணு மணித்தியாலம் போய் கதவு பூட்டியிருந்தா ஒரு நாள் லீவும் போகும்.

என்ன கிடைக்கும்னு கேட்டா, முழு காசும் திரும்பும்னு நான் நம்பல. இப்பிடி ஒரு விஷயம் 2003ல சட்டம் எழுதினவங்க மனசுல இருந்திருக்காது, சபைக்கும் இது புதுசா இருக்கலாம். ஆனா சபையில இருந்து கடிதம் போனா, "எங்களால ஏலாது"ன்னு சொன்ன அதே கடை கம்பனி டெக்னீஷியன கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வரும், இது மத்த பொருள்கள்ல நான் பல தடவ கண்டது. அப்பிடி வந்தா வேலைய செய்ய விடுங்க, ஆனா "திருப்தி"ன்னு எழுதின தாள்ல அன்னைக்கே கையெழுத்து வைக்காதீங்க, ரெண்டு கிழமை பார்த்துட்டு வைக்கிறேன்னு சொல்லுங்க. சபையில சரி வராட்டி மத்தியஸ்த சபை இருக்கு, செலவில்லாதது, கோர்ட்டுக்கு போறதா இருந்தாலும் இந்த மாதிரி பணத் தகராறு பெரும்பாலும் அந்த வழியா தான் போகணும். சட்டத்தரணி வைக்க வசதி இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவுல வருமானத்த காட்டி கேக்கலாம். இந்த ரெண்டும் பின்னுக்கு, இப்ப அவசரமில்ல.

ஒரு வேலை மட்டும் நாளைக்கே. உங்க பில் அந்த வழவழப்பான வெள்ளத் தாள்ல அடிச்சதுன்னு ஃபோட்டோவுல தெரியுது, நம்ம ஊர் ஈரத்துல அந்த எழுத்து சில மாசத்துல மங்கி வெறுந்தாளாகிடும், ஏற்கனவே ஒரு ஓரத்துல மங்கத் தொடங்கியிருக்கு. டவுன்ல ஃபோட்டோ கொப்பி மூணு எடுங்க, ஒரு கொப்பிய அதிபர்கிட்டயோ சமாதான நீதவான்கிட்டயோ குடுத்து மூலத்தோட ஒத்துப் பார்த்து உறுதிப்படுத்தி வாங்கி வைங்க. ஒக்டோபர் 14ங்கிற அந்த எழுத்து தெளிவா தெரியணும்.